வாக்குப்பதிவு இயந்திரத்திற்கு ஒப்புதல் தருபவர் யார்?

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் நூலகமும் படிப்புதவியும் அளித்துவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில் பேசும் வாய்ப்பினை எனக்கு நல்கியமைக்கு நன்றி. நான் சட்டம் பயின்றவன் அல்லன். பொறியியல் கற்றவனும் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றியவன். அப்பணியின் ஒரு கடமையாகப் பல தேர்தல்களில் வாக்குச்சாவடியில் அமர்ந்தவன். வாக்குச்சீட்டை மடித்துக் கொடுத்த கையும் இதுவே. வாக்குப்பதிவு இயந்திரத்திற்கு முத்திரையிட்ட கையும் இதுவே. அந்த அனுபவமும், ஓய்வு பெற்றபின் படித்தறிந்த சில செய்திகளுமே இவ்வுரைக்குக் கைம்முதல்.

தலைப்பைக் கேட்டுச் சிலர் வியந்திருக்கலாம். கல்வி, வேலை, நிலம் என்று நமக்குக் கவலைகள் பல இருக்க, ஓர் இயந்திரத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று நினைத்திருக்கலாம். இத்தலைப்பை நான் ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

இயந்திரங்கள் வந்தபின் நடந்த ஒரு தேர்தல். நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலனாக இருந்தேன். மாலையில் வாக்குப்பதிவு முடிந்தது. இயந்திரத்தை மூடி, பதிவான வாக்குகளின் எண்ணிக்கையைப் படிவம் 17சி என்னும் தாளில் எழுதினேன். அதன் படியொன்றை ஒவ்வொரு வேட்பாளரின் முகவருக்கும் தரவேண்டும் என்பது விதி. முகவர்களை அழைத்தேன். இருவர் வந்து வாங்கிக்கொண்டனர். மூன்றாமவர் நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர்; பட்டதாரி. காலையில் மாதிரி வாக்குப்பதிவின்போது, இயந்திரத்தைப் பாராமலே கையொப்பம் இட்டவர். மாலையில் அவரைக் காணோம். வெளியே ஆள் அனுப்பித் தேடினேன். “ஐயாவே பார்த்துக்கொள்ளட்டும், எனக்கெதற்கு அந்தத் தாள்?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். அந்தத் தாள் என் கையிலேயே நின்றுவிட்டது. அன்றிரவு வண்டியில் இயந்திரத்தோடு திரும்பும்போது என் மனம் அமைதியடையவில்லை. நான் நேர்மையாகவே எழுதினேன், அதில் ஐயமில்லை. ஆனால் நான் நேர்மையானவன் என்பது அந்த இளைஞருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விதான் இன்றைய என் பேச்சின் கரு.

வாக்குரிமை நமக்கு எவரும் வாரி வழங்கிய கொடையன்று. 1919ஆம் ஆண்டு சவுத்பரோ குழுவின்முன் சாட்சியம் அளித்தபோது டாக்டர் அம்பேத்கருக்கு வயது 27. தாழ்த்தப்பட்டோருக்கு வாக்கும் பிரதிநிதித்துவமும் வேண்டும் என்று அன்றே அவர் வாதிட்டார். 1928இல் சைமன் குழுவின்முன் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கேட்டார். 1930இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில் அவருடன் நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனும் வீற்றிருந்தார். சொத்துடையார்க்கும் வரி செலுத்துவார்க்கும் எழுத்தறிந்தார்க்குமே வாக்கு என்றிருந்த நாட்டில், நிலமும் எழுத்தும் மறுக்கப்பட்ட நம் முன்னோர்க்கு வாக்கு எங்ஙனம் கிட்டும்? அரசியலமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவுதான் அந்தச் சுவரை இடித்தது. ஒருவருக்கு ஒரு வாக்கு. எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு. சமுதாய வாழ்வில் இன்னும் எட்டாத சமத்துவம், வாக்குச்சாவடிக்குள் அரை நிமிட நேரம் நமக்கு உண்டு. ஆகவே அந்த அரை நிமிடத்தை எந்தக் கருவி காக்கிறது, அந்தக் கருவியை யார் காக்கிறார்கள் என்பது நம் கவலையே.

1951-52ஆம் ஆண்டுகளில் நடந்த முதற் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆதலின் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தனர். பெட்டியின்மேல் சின்னம் ஒட்டினர். விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். பின்னர் அம்முறை மாறி, ஒரே சீட்டில் எல்லாப் பெயரும் சின்னமும் அச்சிட்டு, அதில் முத்திரை குத்தும் முறை வந்தது. இளைஞர்களே, இங்கு ஒன்றைக் கவனியுங்கள். பெட்டி மாறியபோது விதியும் மாறியது. முறையை மாற்ற விரும்புவோர் முதலில் சட்டப் புத்தகத்தை மாற்ற வேண்டும். பிறகே வாக்குச்சாவடியை மாற்றலாம். இந்த ஒழுங்கு ஒருமுறை தவறியது. அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1977ஆம் ஆண்டில் தேர்தல் ஆணையம் மின்னணு இயந்திரம் ஒன்றைப் பற்றி எண்ணத் தொடங்கியது. ஐதராபாத்திலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்னும் பொதுத்துறை நிறுவனம் 1979இல் அதன் முதல் வடிவத்தை உருவாக்கியது. 1980 ஆகஸ்டில் அரசியல் கட்சிகளின் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டினர். பின்னர் பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இப்பணியில் சேர்ந்தது.

1982 மே 19. கேரளச் சட்டமன்றத்திற்குப் பொதுத்தேர்தல். பறவூர்த் தொகுதியில் இருந்த 84 வாக்குச்சாவடிகளுள் 50இல் இயந்திரம் வைத்தனர். எஞ்சியவற்றில் வழக்கமான வாக்குச்சீட்டு. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் சிவன் பிள்ளை தேர்தலுக்கு முன்பே இயந்திரத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றார், நீதிமன்றம் தலையிடவில்லை. தேர்தல் நடந்தது. அதே சிவன் பிள்ளை 123 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். இப்போது தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது.

அங்கே எழுந்த வினா எளியது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, வாக்கு ‘பேலட்’ முறையில், விதிகள் வகுத்தபடி அளிக்கப்பட வேண்டும் என்கிறது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தும் விதிகள் சீட்டைப் பற்றியும் முத்திரையைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் பேசுகின்றன. இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இயந்திரத்திற்கு இசைவு தருமாறு ஆணையம் மைய அரசைக் கேட்டது, அரசு இசையவில்லை. ஆயினும், தேர்தலைக் கண்காணிக்கவும் நெறிப்படுத்தவும் அரசியலமைப்பின் 324ஆம் பிரிவு தமக்கு முழு அதிகாரம் தந்துள்ளது என்று கருதி ஆணையம் இயந்திரத்தை வைத்தது.

1984 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 324ஆம் பிரிவு தரும் அதிகாரம் பெரியதுதான்; ஆனால் அது சட்டம் வாய் திறவாத இடத்தை நிரப்புவதற்கே உரியது. சட்டமும் விதியும் தெளிவாகப் பேசும் இடத்தில் ஆணையம் அவற்றை மீறிச் செல்ல இயலாது. பேலட் என்னும் சொல் அன்றிருந்த சட்டப்படி வாக்குச்சீட்டையே குறிக்கும். ஆகவே 50 வாக்குச்சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டும். இவ்வாறு நீதிமன்றம் கட்டளையிட்டது. மீண்டும் சீட்டு முறையில் வாக்குப்பதிவு நடந்தது. இம்முறை ஜோஸ் வென்றார்.

அந்த இயந்திரங்களில் மோசடி நடந்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இயந்திரம் நல்லதா கெட்டதா என்பதும் அங்கு முடிவு செய்யப்படவில்லை. கேட்கப்பட்டது ஒன்றே: இதை வைக்க உனக்குச் சட்டம் இடம் தந்ததா? நல்ல நோக்கத்தோடு செய்தாலும், பெரிய பதவியில் இருப்போர் செய்தாலும், சட்டத்தின் வழியே வராத முறை செல்லாது. எளிய மக்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. வலியவனுக்கு ஆள் உண்டு, பணம் உண்டு, செல்வாக்கு உண்டு. நமக்கு இருப்பது எழுதப்பட்ட விதி ஒன்றே. ‘பெரியவர்கள் பார்த்துச் செய்வார்கள்’ என்று இருந்த நூற்றாண்டுகளில் நமக்கு நேர்ந்தது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பறவூர்த் தீர்ப்புக்குப்பின் இயந்திரங்கள் கிடங்கில் கிடந்தன. பின்னர் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1989 மார்ச் 15 முதல் 61ஏ என்னும் புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. எந்தெந்தத் தொகுதியில் இயந்திரத்தைப் பயன்படுத்துவது என்பதைச் சூழ்நிலைகளைக் கருதி ஆணையம் குறிப்பிடலாம் என்று அது கூறிற்று. அதே திருத்தச் சட்டந்தான் வாக்குச்சாவடியைக் கைப்பற்றுவதைத் தனிக் குற்றமாக்கும் 135ஏ பிரிவையும் கொண்டுவந்தது. வாக்காளரை மிரட்டி வாக்குச்சாவடிக்கு வரவிடாமல் தடுப்பதும் அக்குற்றத்துள் அடங்கும். அதே 1989ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ஆதிதிராவிடரையோ பழங்குடியினரையோ வாக்களிக்காதே என்றும் இன்னாருக்கே வாக்களி என்றும் வற்புறுத்துவதைக் குற்றம் என்றது. வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆனதும் அவ்வாண்டிலேதான். ஆக, 1989 நம் இளைஞர்கள் நினைவில் வைக்கவேண்டிய ஆண்டு.

சட்டம் வழிவிட்டபின் வல்லுநர் சோதனை. பேராசிரியர் எஸ். சம்பத் தலைமையிலான தொழில்நுட்பக் குழு 1990இல் இயந்திரத்தை ஆராய்ந்து, பயன்படுத்தத்தக்கது என்று பரிந்துரைத்தது. 1992இல் விதிகள் திருத்தப்பட்டன. அவற்றுள் 49ஏ என்னும் விதி சுருக்கமானது: இயந்திரத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரு வாக்குப்பதிவுக் கருவியும் இருக்க வேண்டும், அவற்றின் வடிவமைப்பு தேர்தல் ஆணையத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியின்மேல்தான் நம் நாட்டின் இயந்திரங்கள் அனைத்தும் நிற்கின்றன. 1998இல் மத்தியப் பிரதேசம், இராசத்தான், தில்லி ஆகியவற்றில் 16 சட்டமன்றத் தொகுதிகளில் வைத்துப் பார்த்தனர். 2001இல் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் இயந்திரம் வந்தது. 2004இல் நாடு முழுதும் 543 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வந்துவிட்டது. எண்ணம் தோன்றிய 1977 தொடங்கி இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. காலம் கடந்ததே என்று சிலர் குறைபடுவர். சட்டமும் சோதனையும் மக்கள் பழக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய பணியில் அந்தக் காலம் வீண் போகவில்லை என்பதே என் கருத்து.

2001இல் முதன்முதலாக அந்த இயந்திரத்தோடு அமர்ந்தபோது நான் கண்ட நன்மையையும் சொல்லியாக வேண்டும். சீட்டு இருந்த நாளில் முத்திரை கோடு தாண்டியதால் செல்லாமற்போன வாக்குகள் பல. மடித்ததில் மை ஒட்டிக் கெட்டவையும் உண்டு. அவற்றுள் பெரும்பகுதி எழுத்தறியாத எளியோரின் வாக்கே. இயந்திரத்தில் அக்குறை இல்லை. முன்பு நாலு பேர் உள்ளே புகுந்தால் சீட்டுக் கட்டையே பறித்து, சில நிமிடங்களில் முத்திரை குத்திப் பெட்டியில் திணித்துவிடுவர். இயந்திரம் நிமிடத்திற்கு நான்கைந்து வாக்குக்குமேல் ஏற்காது. அலுவலர் மூடும் பொத்தானை அழுத்திவிட்டால் ஒரு வாக்கும் ஏறாது. ஆதலின் இயந்திரத்தை வெறுப்பவனாக நான் இங்கு பேசவில்லை.

எனினும் ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. சீட்டு முறையில் நான் குத்திய முத்திரையை நானே பார்த்தேன். இயந்திரத்தில் விளக்கு எரிந்தது, ஒலி கேட்டது, உள்ளே என்ன பதிந்தது என்று நான் பார்க்க இயலவில்லை. ஆணையம் பார்த்தது, வல்லுநர் பார்த்தனர், வாக்காளன் பார்க்கவில்லை.

இந்தக் குறையைப் பற்றி உலகில் மிக அழுத்தமாகப் பேசிய நீதிமன்றம் ஜெர்மனியுடையது. அங்கும் இயந்திரத்திற்கு முறையான ஒப்புதல் ஏற்பாடு இருந்தது. அரசின் தேசிய இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனம் இயந்திரத்தைச் சோதித்தது. அதன்பின் உள்துறை அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அவ்வியந்திரங்களில் வாக்களித்தனர். ஓர் இயற்பியலாளரும், அரசியல் அறிவியல் பேராசிரியரான அவர் தந்தையும் இதனை எதிர்த்து வழக்காடினர். 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. தேர்தலின் இன்றியமையாத படிகளையும் முடிவையும், தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத ஒரு குடிமகன் நம்பத்தகுந்த முறையில் சரிபார்க்க இயல வேண்டும். வல்லுநர் சோதித்தார், அரசு ஒப்புதல் தந்தது என்பவை மட்டும் அந்தக் குறையை ஈடுசெய்யா. ஆகவே அந்த இயந்திரங்களுக்கு இடமளித்த ஆணை அரசியலமைப்புக்கு முரணானது. அங்கும் மோசடி மெய்ப்பிக்கப்படவில்லை. ஆதலின் அத்தேர்தலை நீதிமன்றம் செல்லாததாக்கவில்லை. வருங்காலத்திற்கு நெறி வகுத்தது. அவ்வியந்திரங்கள் வாக்காளர் சரிபார்க்கக்கூடிய காகிதம் எதையும் தராதவை என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இக்குறையை நீக்கக் காகிதம் வந்தது. 2013 ஆகஸ்டில் விதிகள் திருத்தப்பட்டு, அச்சிடும் கருவியொன்றை இயந்திரத்தோடு இணைக்க வழி ஏற்பட்டது. அதுவே நாம் விவிபேட் என்று அழைக்கும் கருவி. அடுத்த மாதம் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் முதலில் பயன்பட்டது. 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், நேர்மையான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது என்று கூறி, அதனைப் படிப்படியாகக் கொண்டுவரப் பணித்தது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் அது இடம்பெற்றது. நாம் அழுத்திய சின்னம் ஏழு நொடி கண்ணாடி வழியே தெரிந்து, பின் சீட்டு அறுந்து பெட்டியுள் விழுகிறது. வாக்காளனுக்குத் தன் வாக்கின் உருவம் மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் விழுந்த சீட்டை எண்ண வேண்டுமே? ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு வாக்குச்சாவடியின் சீட்டு எண்ணப்பட்டு வந்ததை, 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்தாக உயர்த்தியது. அனைத்தையும் எண்ண வேண்டும் அல்லது பழைய சீட்டு முறைக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை 2024 ஏப்ரல் 26 அன்று அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும் இரண்டு காப்புகளைச் சேர்த்தது. சின்னங்களை ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு, முடிவு வெளியானபின் 45 நாள் காத்து வைக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் நூற்றுக்கு ஐந்து இயந்திரங்களின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். செலவு வேட்பாளருடையது, மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் அப்பணம் திரும்பக் கிடைக்கும். ஐந்து போதுமா என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. இன்னும் மிகுதியாக எண்ணுவதில் கெடுதல் ஒன்றுமில்லை என்பது என் தனிக்கருத்து. எப்படியாயினும், கேட்கும் உரிமை எழுதப்பட்டுள்ளது. ஏழு நாளுக்குள் கேட்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும்.

இனி, நம் மக்களுக்கே உரிய ஒரு வலியைச் சொல்லியாக வேண்டும். வாக்கு மறைவானது என்கிறோம். ஒருவருடைய வாக்கு மறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குடியிருப்பின் வாக்கு மறைவாக இருக்கிறதா? பல ஊர்களில் நம் குடியிருப்புக்கென்று ஒரு வாக்குச்சாவடி. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்பது படிவம் 20இல் வரிசையாக வெளியாகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்தக் காலனியில் நமக்கு விழுந்தது இவ்வளவுதானா? அவர்களுக்குச் சாலை எதற்கு, தண்ணீர்க் குழாய் எதற்கு?” என்று பேசியதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். சீட்டு இருந்த நாளில், மிரட்டலுக்கு இடமுள்ள தொகுதிகளில் பல பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண ஆணையம் கட்டளையிட விதி 59ஏ இடம் தந்தது. தனித்தனியே எண்ணிக்கை காட்டும் இயந்திரம் வந்தபின் அந்தத் திரை விலகிவிட்டது.

இதற்கும் மருந்து இல்லாமல் இல்லை. பதினான்கு வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் ‘டோட்டலைசர்’ என்னும் கருவியைப் பயன்படுத்த, விதியைத் திருத்துமாறு ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. 2015 மார்ச்சில் சட்ட ஆணையமும் தன் 255ஆம் அறிக்கையில் அதனை ஆதரித்தது. மைய அரசு ஏற்றுக்கொள்ளவில்லை. கருவி உண்டு, பரிந்துரை உண்டு. விதியின் ஒப்புதல் இல்லை. பறவூரில் விதி இல்லாமல் கருவி வந்தது தவறு என்றால், இங்கு எளியோரைக் காக்கும் கருவி இருந்தும் விதி வராதது குறை. வாக்குச்சாவடி வாரியாக எண்ணுவதால் முறைகேட்டைக் கண்டறிய எளிதாகும் என்னும் மறுப்பும் உண்டு. அதனையும் நாம் நேர்மையாக எடைபோட வேண்டும். ஆனால் இந்த எடைபோடும் பேச்சில் காலனியில் வாழ்வோரின் குரல் கேட்க வேண்டும் அல்லவா? அதை எழுப்ப வேண்டியவர்கள் நீங்கள்.

உள்ளாட்சித் தேர்தலைப் பற்றியும் ஒரு சொல். 2013ஆம் ஆண்டு விதித்திருத்தம் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கே உரியது. ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். முறையை வகுப்பது மாநிலச் சட்டம். தமிழ்நாட்டில் 2019, 2021 ஆண்டுகளின் ஊரகத் தேர்தல்கள் வாக்குச்சீட்டிலும், 2022 நகர்ப்புறத் தேர்தல் இயந்திரத்திலும் நடந்தன. நம் மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுவது ஊராட்சித் தேர்தலே. மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடக்கவொட்டாமல் தடுக்கப்பட்டதையும் மறக்கவில்லை. அங்கே குறை சீட்டிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. மனிதரின் சாதி வெறியில் இருந்தது. எந்த இயந்திரமும் அதைத் தீர்த்துவிடாது. இதை மனத்தில் இருத்தியே நான் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

தொகுத்துச் சொல்கிறேன். வாக்குப்பதிவு இயந்திரத்திற்கு மூன்று ஒப்புதல் வேண்டும். முதலாவது சட்டத்தின் ஒப்புதல். அதைப் பறவூர் நமக்குக் கற்பித்தது. இரண்டாவது வல்லுநரும் ஆணையமும் சோதித்துத் தரும் ஒப்புதல். மூன்றாவது, வாக்காளனும் அவன் முகவரும் தம் கண்ணால் பார்த்துத் தரும் ஒப்புதல். முதலிரண்டும் தலைநகரங்களில் கிடைப்பவை. மூன்றாவது, ஒவ்வொரு தேர்தலன்றும் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் புதிதாகக் கிடைக்க வேண்டியது. அதைத் தர வேறு எவராலும் இயலாது.

அதற்கு என்ன செய்ய வேண்டும்? தேர்தலுக்கு முன் கட்சிகளின் முன்னிலையில் முதல்நிலைச் சரிபார்ப்பு நடக்கிறது. உங்கள் கட்சி எதுவாயினும் அங்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். தேர்தலன்று விடியற்காலையிலேயே செல்லுங்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 வாக்குகள் போட வேண்டும். இயந்திரத்தின் கணக்கும் சீட்டின் கணக்கும் ஒத்திருப்பதைப் பாருங்கள். அவ்வாக்குகள் அழிக்கப்பட்டுச் சுழியம் காட்டுவதைப் பாருங்கள். பச்சைக் காகித முத்திரையின் எண்ணைக் குறித்துக்கொண்டபின் கையொப்பம் இடுங்கள். மாலையில் படிவம் 17சி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். எண்ணும் நாளில் அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு எண்ணும் ஒத்திருந்தால் தோற்றாலும் மனநிறைவோடு திரும்பலாம். ஒவ்வாதிருந்தால் எழுதிக் கொடுங்கள். உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்க 45 நாள் உண்டு. தாள் இல்லாதவன் சொல்வது வதந்தி. தாள் உள்ளவன் சொல்வது சான்று. ஆதாரமின்றி இயந்திரத்தைத் தூற்றுவதும், ஆராயாமல் அதைப் போற்றுவதும் படித்தவர்க்கு அழகல்ல.

இக்கழகத்திற்கு என் வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புக்கும் போட்டித் தேர்வுகளுக்கும் பயிற்சி நடத்துகிறீர்கள். தேர்தல் வரும் ஆண்டுகளில், கட்சிச் சார்பின்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்குச்சாவடி முகவர் பயிற்சியும் நடத்துங்கள். நம் குடியிருப்பின் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் படிவம் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் இருக்கட்டும். இந்த வயதிலும் நான் வந்து பாடம் நடத்த அணியமாக இருக்கிறேன்.

அன்று என் கையில் நின்றுபோன தாளைப் பற்றிச் சொன்னேன். அந்த இளைஞர்மீது எனக்குச் சினமில்லை. அந்தத் தாளின் அருமையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை; ஆசிரியனாகிய நானும் சொல்லித் தரவில்லை. இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன். அடுத்த தேர்தலில் எந்த அலுவலர் கையிலும் நம்முடைய தாள் நிற்கலாகாது.